அடாப்டர் பின் பொருந்தாவிட்டால் தராசைப் பிரிக்க வேண்டாம்

சம்பா அறுவடை முடிந்து புது நெல்லும் அரிசியும் வரத்தாகும் தை மாதத்தில், கடை நிறைய ஆள் நிற்கும் வேளையில்தான் எலக்ட்ரானிக் தராசின் அடாப்டர் உயிரை விடும். அரிசிக் கடையில் எலி வயரைக் கடிப்பதும் நமக்குப் புதிதல்ல. தஞ்சையிலோ கும்பகோணத்திலோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் பையனை அனுப்பி வேறு அடாப்டர் வாங்கி வந்தால், அதன் பின் தராசின் சாக்கெட்டுக்குள் போகாது, போனாலும் ஆடும். உடனே அக்கம்பக்கத்தில் இரண்டு யோசனைகள் கிடைக்கும். தராசின் சாக்கெட்டையே மாற்றிவிடலாம் என்பது ஒன்று. அடாப்டர் வயரை வெட்டிப் பழைய பின்னை இணைத்துவிடலாம் என்பது மற்றொன்று. முதல் யோசனையை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம். இரண்டாவதைச் செய்யலாம், ஆனால் சிலவற்றைப் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

சாக்கெட்டை மாற்றத் தராசின் உடலைத் திறந்தாக வேண்டும். திறந்தால் முத்திரை அறுபடும். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, தராசைப் பழுது பார்ப்பவர் அதற்கான உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பிரித்துப் பழுது பார்த்த தராசை மீண்டும் சரிபார்த்து முத்திரையிட்ட பின்னரே வியாபாரத்துக்கு எடுக்கலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் முத்திரை வைக்கிறோம். இடையில் ஒரு சின்ன சாக்கெட்டுக்காக அந்த முத்திரையை இழப்பானேன்? ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரியின் கண்ணில் படுவது அறுந்த முத்திரைதான். உள்ளே மாற்றியது சாக்கெட்டையா, எடையையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடாப்டரின் வயரோ தராசுக்கு வெளியே இருப்பது. அதை வெட்டி ஒட்டுவதால் முத்திரைக்கு ஒரு குறையும் வராது.

இனி அடாப்டருக்கு வருவோம். பின் பொருந்திவிட்டால் அடாப்டரும் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. தராசு, கேமரா, இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி உருண்டைப் பின்தான் வருகிறது. கேமராவுக்கு 12 வோல்ட். தராசுக்கு மாடலைப் பொறுத்து 6, 9 அல்லது 12 வோல்ட். கேமராவின் அடாப்டர் 9 வோல்ட் தராசிலும் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு போர்டு போய்விடும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் வாய்க்கால் தண்ணீர் போல வைத்துக்கொண்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் மட்டம் வோல்ட். மட்டம் ஏறினால் வரப்பு உடையும், இறங்கினால் மடைக்கு எட்டாது. ஆகவே வோல்ட் அச்சாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் என்பது வாய்க்கால் எவ்வளவு தர முடியும் என்ற கணக்கு. வயல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அரை ஆம்பியர் கேட்கும் தராசுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் அடாப்டர் சூடேறிச் சாகும்.

அடுத்து, ஏ.சி.யா டி.சி.யா என்று பார்க்க வேண்டும். அடாப்டரின் முதுகில் அவுட்புட் என்ற வரியில் நேர்கோடும் அதன் கீழ் விட்டு விட்டு மூன்று சிறு கோடுகளும் இருந்தால் டி.சி.; பாம்பு போல நெளிந்த கோடு இருந்தால் ஏ.சி. கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களில் ஏ.சி. தருபவையும் உண்டு. டி.சி. என்றால் உள்ளே எது, வெளியே எது என்பதும் முக்கியம். நடுவில் புள்ளி, சுற்றிலும் அரைவட்டம், இருபுறமும் கூட்டலும் கழித்தலும் கொண்ட ஒரு சின்னப் படம் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கூட்டலில் முடிந்தால் பின்னின் உட்புறம் பாசிட்டிவ். தராசிலும் அதே படம் இருக்க வேண்டும்.

பின்னின் அளவிலும் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ளவற்றில் உள்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு வகை. பார்த்தால் வேறுபாடு தெரியாது. சிறு துளைப் பின் பெரிய ஊசியில் ஏறாது. பெரிய துளைப் பின் சிறிய ஊசியில் ஏறிவிடும், ஆனால் தொட்டும் தொடாமலும் நிற்கும். தராசுக்குள் பாட்டரி இருப்பதால் பகலெல்லாம் ஓடும். சார்ஜ் ஏறாததால் மாலை வியாபாரத்தில் படுத்துவிடும். பாட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றுபவர்கள் உண்டு.

எண்கள் ஒத்துப்போய்ப் பின் மட்டும் வேறானால், பழைய அடாப்டரின் பின்னை ஒரு சாண் வயரோடு வெட்டிப் புதியதில் இணைக்கலாம். பிளக்கை முதலில் கழற்றிவிட வேண்டும். சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்தே இணைக்க வேண்டும். இரண்டு வயர்களையும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வெட்டினால் இரு இணைப்புகளும் ஒன்றையொன்று தொடாது. முறுக்கி டேப் சுற்றுவது போதாது. சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். முடித்ததும் பின் முனையில் மறுபடி அளந்துவிட்டே தராசில் செருக வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டர் வெறுமனே அளக்கும்போது 9 என்று எழுதியிருந்தும் 12, 13 காட்டும். லோடு ஏறினால் இறங்கும். புதிய வகை சரியாக 9ஐ ஒட்டியே காட்டும்.

பில் பிரிண்டர்களுக்கு இந்த வேலை வேண்டாம். அவற்றில் பல 24 வோல்ட், மூன்று ஊசி கொண்ட வட்டப் பின். அதற்கென உள்ள அடாப்டரையே வாங்குவது நல்லது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் பைக்கின் 12 வோல்ட் பாட்டரியைத் தராசோடு கோக்கத் தோன்றும். பெரும்பாலான கடைத் தராசுகளில் உள்ளே இருப்பது 6 வோல்ட் பாட்டரி என்பதை மறக்க வேண்டாம். பாட்டரியை மாற்றுவதானால், அதற்குத் தனி மூடி இருக்கிறதா, முத்திரை அந்த மூடியைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பே உபரி அடாப்டர் ஒன்று வாங்கி, தராசில் போட்டுப் பார்த்து, அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி "தராசு, 9 வோல்ட்" என்பதுபோல் எழுதி கல்லாவில் வையுங்கள். கேமரா அடாப்டருக்கும் அதே போல் எழுதுங்கள். கடைப் பையன் அவசரத்தில் எடுப்பது எதுவென்று சொல்ல முடியாது.