சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் வரல?

படிச்சு முடிச்சு ஒரு சின்ன கம்பெனியில் சேருறீங்கன்னு வைங்க. மூணாவது மாசம் மேனேஜர் கூப்பிடுவார். "தம்பி, நீ ஈசிஇ தானே? புது ஆபீஸுக்கு வைஃபை போடணும். நூறு பேர் உட்காருவாங்க. எது வாங்கலாம்னு பாத்துச் சொல்லு."

உடனே நாம என்ன செய்வோம்? எந்தப் பெட்டியில் பெரிய எம்பிபிஎஸ் எண் போட்டிருக்கோ, அதைச் சொல்வோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்குது. வீட்டு வைஃபைக்கு வேகம் முக்கியம். ஆபீஸ் வைஃபைக்கு வேறு ரெண்டு கேள்விகள் முக்கியம்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் தாங்கும்? உள்ளே இருப்பது யார் யார்?

காற்று எல்லாருக்கும் பொது

ஸ்விட்சில் ஒவ்வொரு கணினிக்கும் தனி கேபிள். வைஃபையில் அப்படி இல்லை. ஒரு சேனலில் இருக்கிற எல்லாக் கருவிகளும் அடிப்படையில் மாறி மாறித்தான் பேச வேண்டும். நம்ம பிளேஸ்மென்ட் ஜிடி மாதிரிதான். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கணும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினால் யார் சொன்னதும் விளங்காது.

இதில் மெதுவாகப் பேசுபவர்தான் பெரிய சிக்கல். 1500 பைட் என்பது 12,000 பிட். 120 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த லேப்டாப் அதை 0.1 மில்லிசெகண்டில் அனுப்பிவிடும். மூலையில் 6 எம்பிபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய போனுக்கு 2 மில்லிசெகண்ட் ஆகும். அதே டேட்டாவுக்கு இருபது மடங்கு நேரம்! அந்த ஒரு போனால் அறையே காத்திருக்கும். வைஃபை 6-இல் வந்த ஓஎஃப்டிஎம்ஏ ஒரு சேனலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுக்கும். ஆனால் போனும் வைஃபை 6 போனாக இருந்தால்தான் அந்தப் பலன்.

அதனால் முதலில் எண்ணுங்க. நூறு பேர்னா, ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன்: 200 கருவிகள். அதில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் வீடியோ காலில் இருப்பாங்க? எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வேணும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்யணும், சதுர அடி இல்லை.

கத்திப் பேசினால் போதாது

ஆக்சஸ் பாயின்டைக் கூட்டினால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். நாலாவது பெட்டி மற்ற மூன்றில் ஒன்றின் சேனலையே பங்கு போடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். இந்தியாவில் 2018-இல் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அங்கேயும் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால், நாலு சேனலை ஒருவரே விழுங்கிவிடுவார். நெரிசலான ஆபீஸுக்கு 20 அல்லது 40 போதும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். ஆக்சஸ் பாயின்டை முழு பவரில் வைத்தால் அது சொல்வது தூரத்தில் உள்ள போனுக்குக் கேட்கும். போனில் கோடுகள் ஃபுல்லா தெரியும். ஆனால் போனின் பவர் குறைவு. அது பதில் சொல்வது ஆக்சஸ் பாயின்டுக்குக் கேட்காது. சிக்னல் இருக்கு, நெட் இல்லை! பவரைக் குறைத்து, இடத்தைப் பார்த்து வைப்பதுதான் சரி. காங்கிரீட் சுவர், லிஃப்ட், இரும்பு பீரோ எல்லாம் சிக்னலைத் தடுக்கும். சைட் சர்வே செய்யாமல் விலைப்பட்டியல் மட்டும் நீட்டுபவரிடம் வாங்காதீங்க.

ஒரே பாஸ்வேர்டு, ஊருக்கே தெரியும்

வேலையை விட்டுப் போனவருக்கு ஐடி கார்டைத் திரும்ப வாங்குவோம். வைஃபை பாஸ்வேர்டை? அது அவர் போனிலேயே இருக்கும். தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டே உள்ளே வரலாம். அவரைத் தடுக்கணும்னா பாஸ்வேர்டை மாற்றி, மீதி 99 பேருக்கும் மறுபடி சொல்லணும். யாரும் செய்ய மாட்டாங்க.

இதற்குத்தான் என்டர்பிரைஸ் முறை. 802.1எக்ஸ், ரேடியஸ் சர்வர் வழியாக ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம். ஒருவரை நீக்க ஒரே கிளிக். கூடவே ஒரு எச்சரிக்கை: சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பை 'தொல்லை'ன்னு அணைத்துவிடாதீங்க. அணைத்தால், அதே பெயரில் எவரோ வைத்த போலி வைஃபையிலும் உங்கள் ஆட்கள் பாஸ்வேர்டைக் கொட்டிவிடுவாங்க. விருந்தினருக்குத் தனி விலேன். அங்கிருந்து இன்டர்நெட் மட்டும் போகட்டும், பிரிண்டரும் சர்வரும் தெரியவே கூடாது.

பில்லில் தெரியாத செலவு

ஆக்சஸ் பாயின்டுக்கு கரன்ட் நெட்வொர்க் கேபிளிலேயே வரும். 802.3ஏஎஃப் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், 802.3ஏடி 30 வாட் வரை. எட்டு போர்ட் இருந்தாலும் மொத்த பட்ஜெட் 120 வாட்தான் என்றால், 30 வாட் வீதம் நாலுக்குத்தான் போதும். ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இல்லையென்றால் கரன்ட் போன அந்த நொடியே வைஃபையும் போகும். கிளவுட் லைசென்ஸ் முடிந்தால் பெட்டி வேலை செய்யுமா, நின்றுவிடுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவில் நின்று ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைத் திறங்க. சேனல் 6-இல் மட்டும் எத்தனை பேர் முட்டி மோதுறாங்கன்னு எண்ணுங்க. உங்க படம் ஏன் பஃபர் ஆகுதுன்னு அங்கேயே புரிஞ்சிடும்.