பக்கிட் யாருடையது?

பொழுதுபோக்குக்காக எழுதுகிற நிரலுக்கு எதுக்கு உரிமம், சட்டம் எல்லாம் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது மைன்கிராஃப்டின் 'பக்கிட்' கதையைத்தான். கோர்ட்டுப் படி ஏறவே இல்லை. 2014 செப்டம்பரில் ஒருவர் அனுப்பிய ஒரே ஒரு நோட்டீஸில் திட்டம் படுத்துவிட்டது.

பின்னணி இதுதான். மைன்கிராஃப்ட் ஸ்வீடனின் மோஜாங் நிறுவனத்துடையது. நண்பர்கள் சேர்ந்து ஆடுவதற்கான செர்வர் மென்பொருளை மோஜாங் இலவசமாகக் கொடுத்தது, ஆனால் மூல நிரலைக் கொடுக்கவில்லை. ஜாவாவில் எழுதியது என்பதால் பிரித்துப் படிப்பது பெரிய வித்தை இல்லை. ஆர்வலர்கள் பிரித்தார்கள், திருத்தினார்கள், தங்கள் நிரலைச் சேர்த்தார்கள். அப்படி வந்தவை இரண்டு: பிளகின் எழுதுபவர்களுக்கான இடைமுகமான பக்கிட், அதன்மேல் ஓடும் செர்வரான கிராஃப்ட்பக்கிட். முன்னதற்கு ஜிபிஎல் உரிமம், பின்னதற்கு எல்ஜிபிஎல். ஆனால் நாம் இறக்கிக்கொண்ட கிராஃப்ட்பக்கிட் கோப்புக்குள் மோஜாங்கின் மூடிய நிரலும் தன்னார்வலர்களின் திறந்த நிரலும் கலந்தே கிடந்தன. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை.

2012 பிப்ரவரியில் பக்கிட்டின் முக்கியமான நால்வரை மோஜாங் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மீதிப் பேர் சம்பளமில்லாமல் தொடர்ந்தார்கள். 2014 ஆகஸ்ட் 21 அன்று, அப்போது பொறுப்பில் இருந்தவர் 'கடையைச் சாத்துகிறோம்' என்று அறிவித்தார். உடனே மோஜாங் தரப்பிலிருந்து பதில்: சாத்த உங்களுக்கு உரிமை இல்லை, 2012-லேயே பக்கிட்டை நாங்கள் வாங்கிவிட்டோம்!

இரண்டரை வருஷம் ஓசியில் உழைத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிகிறது. கோபம் வராமல் இருக்குமா?

ஆனால் மோஜாங் வாங்கியது எதை? பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பங்காளிகள் கையெழுத்துப் போட்டால் அந்த நாலு பேர் பங்குதான் கைமாறும், மற்றவர்கள் பங்கு அப்படியே இருக்கும். (காப்புரிமைச் சட்டம் அச்சு அசல் இப்படி இல்லை, ஆனாலும் இந்த இடத்துக்குப் பொருந்தும்.) பெயரை வாங்கலாம், தளத்தை வாங்கலாம். நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர் அதை எழுதியவர். அவர் எழுதிக் கொடுத்தாலொழிய அது வேறொருவர் சொத்தாகாது.

நோட்டீஸ் அனுப்பியவர் இந்தப் பங்காளிகளில் ஒருவர், நிறைய எழுதியவர். அமெரிக்காவின் டிஎம்சிஏ சட்டப்படி அவர் வைத்த வாதம் எளிமையானது. என் நிரலை உரிம நிபந்தனையோடு கொடுத்தேன். நீங்கள் அதை மூல நிரல் தராத மோஜாங் நிரலோடு பிசைந்து விநியோகிக்கிறீர்கள். நிபந்தனை மீறப்பட்டதால் என் அனுமதி இல்லை, எனவே நிறுத்துங்கள். கிராஃப்ட்பக்கிட்டோடு சேர்ந்து, அதிலிருந்து கிளைத்த ஸ்பிகாட்டின் பதிவிறக்கமும் நின்றது.

அப்போது பலர் 'ஆஹா, இனி மோஜாங் மைன்கிராஃப்டையே திறந்தாக வேண்டும்' என்று குதித்தார்கள். இது ஜிபிஎல் பற்றி இன்றும் உலவும் பெரிய தப்பர்த்தம். உரிமத்தை மீறினால் கிடைக்கும் பரிகாரம் விநியோகத்தை நிறுத்துவது, நஷ்டஈடு கேட்பது. மீறியவருடைய சொந்த நிரல் தானாகவே பொதுச்சொத்து ஆகிவிடாது. அதிலும் இங்கே அந்த நிரலைக் கலந்தது மோஜாங் இல்லை, தன்னார்வலர்கள். மோஜாங்கும் அதைத்தான் சொன்னது: எங்கள் நிரலைச் சேர்க்க நாங்கள் அனுமதி தரவே இல்லை.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அனுமதி தராத ஒன்றைத்தான் வாங்கியதாகவும் சொல்கிறார்கள், அதன் தலைவர்களை வேலைக்கும் வைத்திருந்தார்கள். கண்டும் காணாமல் இருப்பது லாபமாக இருந்தவரை இருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நோட்டீஸ் அனுப்பியவர் பக்கமும் கேள்வி உண்டு. கலப்பு நடப்பது தெரிந்தே வருஷக்கணக்கில் நிரல் கொடுத்தவர், திடீரென்று மறுக்க முடியுமா? நீதிபதி யாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வரவில்லை.

2021-இல் ஸ்டாக்ஃபிஷ் சதுரங்க நிரலின் ஆர்வலர்கள் ஜெர்மனியில் செஸ்பேஸ் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்களே, அது இதைவிடத் தெளிவான சண்டை. தங்கள் ஜிபிஎல் நிரலை வைத்து விற்றுவிட்டு உரிமக் கடமையை நிறைவேற்றவில்லை என்பது புகார். 2022 நவம்பரில் சமரசமாக முடிந்தது. அங்கே திறந்த நிரலின் சொந்தக்காரர்கள் ஒரே அணியில் நின்றார்கள், பக்கிட்டில் அவர்களே இரண்டுபட்டார்கள்.

ஸ்பிகாட் கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. கலந்த கோப்பை இனி யாருக்கும் தருவதில்லை. தாங்கள் செய்த திருத்தங்களை மட்டும் தருவார்கள், கூடவே ஒரு சின்னக் கருவி. அது மோஜாங்கின் அசல் செர்வரை உங்கள் கணினிக்கே இறக்கி, அங்கேயே பிரித்து, திருத்தி, தொகுத்துக் கொடுக்கும். கலப்பு உங்கள் வீட்டில் நடக்கிறது, விநியோகம் இல்லை. ஜிபிஎல்லின் விநியோக நிபந்தனைகள் ஒருவர் தன் கணினியில் தனக்காகச் செய்துகொள்வதைத் தொடுவதில்லை. ஸ்பிகாட் செர்வர் அமைக்கும்போது கறுப்புத் திரையில் சில நிமிஷம் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்குமே, அந்தக் காத்திருப்பு இதனால் வந்ததுதான்.