மூச்சுக் குழல்களில் தேங்கும் கோழை: பச்சிளங் குழந்தைகளுக்கான சிகிச்சை

நலமுள்ள மனிதன் ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கின்றான். அக்காற்றுடன் தூசி, புகை, நோய்க் கிருமிகள் ஆகியவையும் நுரையீரலுக்குள் புகுகின்றன. எனினும் நுரையீரல் அடைபட்டுப் போவதில்லை. அங்கே இரவும் பகலும் ஓயாது நடைபெறும் துப்புரவுப் பணியே அதற்குக் காரணமாகும். மூச்சுக் குழல்களின் உட்சுவரில் மெல்லிய கோழைப் படலம் ஒன்று பரவியுள்ளது. உட்புகும் மாசுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படலத்தின் கீழே நீர்மமான ஓர் அடுக்கு உண்டு. அதனுள் நின்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மயிரிழைகள் வினாடிக்குப் பத்து முறை அளவில் அசைந்து, கோழையைத் தொண்டையை நோக்கித் தள்ளியவண்ணம் இருக்கின்றன. அவ்வாறு மேலேறி வரும் கோழையை மனிதன் தன்னை அறியாமலே விழுங்கிவிடுகின்றான்.

இவ்வியற்கை ஏற்பாடு பிறவியிலேயே குன்றிய குழந்தைகளும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுடன் பிறக்கும் குழந்தைகளே அவர்கள். அவர்களுடைய நுரையீரலில் சுரக்கும் கோழை பசைபோல் கெட்டியானது; மயிரிழைகளால் அதனை அசைக்க இயலுவதில்லை. ஆகவே அக்கோழையைப் பிறருடைய கைகளின் உதவியால் வெளிக்கொணர வேண்டியதாகின்றது. இதற்கென வகுக்கப்பட்ட மூச்சுவழித் துப்புரவுச் சிகிச்சை, குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே தொடங்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடர்வது. பல்லாண்டுகளாக நம்பிக்கையுடன் கையாளப்பட்டு வந்த அதன் ஒரு பகுதியை ஆராய்ச்சி மாற்றியமைத்த வரலாறு அறியத்தக்கதாகும்.

நோயின் இயல்பு

1938-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவர் டோரதி ஆண்டர்சன், இறந்த குழந்தைகள் சிலரின் கணையத்தில் நீர்க்கட்டிகளும் நார்த் திசுக்களும் மிகுந்திருப்பதைக் கண்டு, இந்நோயைத் தனி நோயாக விவரித்தார். நோயின் பெயரும் அவ்விரு அடையாளங்களிலிருந்தே தோன்றியது. 1948-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரைக் கடும் வெப்பம் தாக்கியபோது, சோர்வுற்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இந்நோயுடையோர் பலர் இருந்தனர். பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் இதன் காரணத்தை ஆராய்ந்து, இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகையாக உள்ளது என்பதைத் தம் குழுவினருடன் 1953-இல் வெளியிட்டார். கிப்சன், குக் என்னும் இருவர் 1959-இல் வகுத்த வியர்வைப் பரிசோதனை இன்றளவும் நோயை உறுதிசெய்யும் முறையாக உள்ளது. பைலோகார்ப்பின் என்ற மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்வையை வரவழைத்து, அதிலுள்ள குளோரைடை அளக்கின்றனர். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்பட்ட குளோரைடு காணப்படின் நோய் உள்ளதெனக் கொள்ளப்படுகின்றது.

நோயின் மூலகாரணம் 1989-இல் தெளிவாயிற்று. லாப்-சீ சுயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுவினர் ஏழாவது குரோமோசோமில் இதற்குரிய ஜீனைக் கண்டனர். சி.எஃப்.டி.ஆர். என்று குறிக்கப்பெறும் புரதத்தை அந்த ஜீன் ஆக்குகின்றது. 1,480 அமினோ அமிலங்களாலான இப்புரதம், உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு வாயில்போல் நின்று குளோரைடு, பைகார்பனேட் ஆகிய உப்பயனிகளைக் கடத்துகின்றது. வாயில் பழுதுறின் மூச்சுக் குழலின் மேற்பரப்பில் நீர் குறைந்து கோழை வறண்டு கெட்டிப்படுகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீனைப் பெறும் குழந்தையே நோய்க்கு ஆளாகின்றது. பெற்றோர் இருவரும் நலமுடையவராகவே காணப்படுவர். எனினும் ஒவ்வொரு கருவிலும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

கெட்டிப்பட்ட கோழையில் ஸ்டஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் முதலிய கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் சிதைந்து, கோழை மேலும் கெட்டிப்படுகின்றது. அவ்வெள்ளணுக்களின் நொதிகள் குழல் சுவரையே அரிக்கின்றன. காலப்போக்கில் குழல்கள் விரிந்து, மீளாத நிலையில் சிதைந்துபோகின்றன.

காலம் தாழ்த்தலாகாது

இச்சிதைவு பல ஆண்டுகளுக்குப் பின்னரே தொடங்கும் என்று முன்னர் எண்ணப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவுடன் நோய் கண்டறியப்பட்ட 127 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட முடிவுகள் இவ்வெண்ணத்தைத் தகர்த்தன. மூன்று மாத வயதிலேயே 29.3 சதவிகிதக் குழந்தைகளிடம் குழல் விரிவு காணப்பட்டது. மூன்று வயதில் அது 61.5 சதவிகிதமாயிற்று. இருமலோ இளைப்போ வெளிப்படாத குழந்தையின் நுரையீரலிலும் கேடு தொடங்கியிருக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

பச்சிளங் குழந்தையின் உடலமைப்பும் இவ்வபாயத்தை மிகைப்படுத்துகின்றது. குறுகிய குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பௌதிக விதி. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் உட்சுவரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குக் கோழை படிந்தால் தடை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழந்தையின் குழலில் அதே கனத்துக்குக் கோழை படிந்தாலோ தடை பதினாறு மடங்காகிவிடும். மேலும், ஒரு குழல் அடைபட்டால் அண்டையிலுள்ள காற்றறைகளின் வழியே காற்றுச் செல்வதற்கான நுண்துளைகள் குழந்தைகளிடம் போதிய வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஆதலின் அடைபட்ட பகுதி எளிதில் சுருங்கிவிடுகின்றது. பெரியவர்களைப் போலச் சொன்னபடி மூச்சை இழுத்துவிடவும், காறி உமிழவும் குழந்தையால் இயலாது. இவையனைத்தையும் கருத்திற் கொண்டே சிகிச்சை முறை வகுக்கப்பட வேண்டும்.

தலையைத் தாழ்த்தும் முறை

நுரையீரலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் புறப்படும் குழல் வெவ்வேறு திசையில் செல்கின்றது. அக்குழலின் வாய் கீழ்நோக்கி அமையுமாறு நோயாளியைக் கிடத்தினால், கோழை தன் எடையினாலேயே பெருங்குழலை நோக்கி வழியும். இக்கருத்தை வில்லியம் எவார்ட் என்ற ஆங்கில மருத்துவர் 1901-இல் லான்செட் இதழில் விவரித்தார். நாளடைவில், கையைக் குவித்து மார்பில் தட்டுவதும், மூச்சு வெளிவரும்போது மார்பை மெல்ல அதிரச் செய்வதும் இதனுடன் சேர்க்கப்பட்டன. நுரையீரலின் அடிப்பகுதிகளைத் துப்புரவு செய்வதற்காகக் குழந்தையைத் தலைகீழாகச் சாய்த்துத் தட்டுவது உலகெங்கும் வழக்கமாயிற்று.

தோற்றத்தில் குறையற்ற இம்முறையில் ஓர் ஐயம் எழுந்தது. பச்சிளங் குழந்தையின் இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையேயுள்ள வாயில் இறுக்கமாக மூடுவதில்லை. பால் குடித்த குழந்தை கக்குவதற்கு அதுவே காரணம். தலை தாழ்ந்திருக்கையில் இரைப்பையின் அமிலம் மேலேறி வருமாயின், அதில் ஒரு பகுதி மூச்சுக் குழலுக்குள் இறங்கி நுரையீரலைப் புண்படுத்தாதா? கோழையை அகற்றுவதற்கென்று செய்யும் சிகிச்சையே கேட்டினை விளைவித்துவிடாதா?

மெல்போர்னில் நடந்த ஆராய்ச்சி

இவ்வையத்தை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிரெண்டா பட்டன் என்னும் சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். நோயுள்ள 20 கைக்குழந்தைகளின் உணவுக்குழாயில் அமில அளவு 30 மணி நேரம் இடைவிடாது பதிவு செய்யப்பட்டது. தலை தாழ்ந்த நிலையில் சிகிச்சை பெற்றபோது அமிலம் மேலேறுவது கூடுதலாக நிகழ்ந்தது. தலையைத் தாழ்த்தாத முறையில் அவ்வாறில்லை. இம்முடிவு 1997-இல் வெளியாயிற்று. மறு ஆண்டில் லண்டனில் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு மாறான முடிவினைத் தெரிவித்தது. ஆகவே ஒரு நாளைய அளவீடு மட்டும் போதாது, நெடுங்காலப் பலனையும் காண வேண்டும் என்பது விளங்கிற்று.

மெல்போர்ன் குழுவினர் புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளைக் குருட்டுப்போக்கான தேர்வின்மூலம் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 30 பாகை தலை தாழ்த்திய பழைய முறையையும், மற்றவருக்குத் தலை தாழ்த்தாத மாற்று முறையையும் கையாண்டனர். ஐந்தாண்டுகளின் பலன் 2003-இல் வெளியிடப்பட்டது. பழைய முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் முதலாண்டில் சளித் தொல்லையால் மிகுதியான நாட்கள் வருந்தினர். அவர்களுக்கு எதிர்உயிரி மருந்துகளும் கூடுதலாகத் தேவைப்பட்டன. இரண்டரை வயதில் எடுத்த எக்ஸ்-ரே படங்களில் அவர்களுடைய நுரையீரல் கேடு மிகுந்து காணப்பட்டது. ஐந்தாறு வயதில் மூச்சுத் திறனும் குறைந்திருந்தது. ஆராயப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை சிறிதே. எனினும் தீங்கு விளையக்கூடும் என்ற நிலையில், அதனைத் தவிர்க்க எளிய வழியும் இருக்கையில், பழைய முறையைத் தொடர்வதற்கு நியாயமில்லை. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகள், கைக்குழந்தைகளுக்குத் தலை தாழ்த்திய நிலை கூடாதென வரையறுத்தன.

இன்று கையாளப்படும் முறைகள்

இன்று குழந்தையைத் தாயின் மடியில் நிமிர்த்தியும், சமமாகக் கிடத்தியும், இரு பக்கங்களிலும் ஒருக்களித்தும் சிகிச்சை செய்கின்றனர். மார்பின் மேல் மெல்லிய துணி இருத்தல் வேண்டும். விரல்களைக் குவித்தோ, சிறு கிண்ணம் போன்ற மெத்தென்ற சாதனத்தாலோ சீராகத் தட்டுகின்றனர். வயிறு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலாவின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் தட்டலாகாது. பால் கொடுப்பதற்கு முன்னரோ, கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் சென்ற பின்னரோ சிகிச்சையைச் செய்வது முறை. நாள்தோறும் இருமுறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் வரை செய்வது பொதுவான வழக்கம். சளி மிகுந்த நாட்களில் கூடுதலாகச் செய்யப்படும்.

தட்டுதலின்றி மூச்சின் ஓட்டத்தையே கருவியாகக் கொள்ளும் முறைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பெல்ஜியத்தில் வளர்ச்சி பெற்றது. குழந்தையின் மார்பின் மீது கைகளை மெல்ல வைத்து, அதன் மூச்சைத் தொடர்ந்து சென்று, உள்மூச்சைச் சிறிதளவு கட்டுப்படுத்தி, வெளிமூச்சு ஆழமாகச் செல்லுமாறு வழிகாட்டுகின்றனர். குழந்தையின் விலாக் கூடு மிக மென்மையானதாகையால் வலிந்து அழுத்தினால் குழல்கள் ஒட்டிக்கொள்ளும்; எனவே இதில் பயிற்சி இன்றியமையாதது. டென்மார்க்கில் தோன்றிய மற்றொரு முறையில், முகமூடி ஒன்றின் வழியே வெளிமூச்சுக்குச் சிறு தடை ஏற்படுத்தப்படுகின்றது. அதனால் எழும் அழுத்தம் குழல்களைத் திறந்து வைத்து, கோழைக்குப் பின்புறம் காற்றுச் சென்று அதனை முன்னே தள்ள வழிசெய்கின்றது. பெரிய பந்தின் மீது குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி மெல்லத் துள்ளச் செய்வதும் உண்டு. இம்முறைகளுள் எதுவும் மற்றவற்றைவிடச் சிறந்ததென ஐயமற நிறுவப்படவில்லை. குழந்தைக்கு ஒத்துவருவதும், வீட்டார் நாள்தோறும் தவறாது செய்யக்கூடியதுமான முறையே ஏற்றது.

மருந்துகளும் துணைபுரிகின்றன. குழல்களை விரியச் செய்யும் சால்பூட்டமால் சிகிச்சைக்கு முன் அளிக்கப்படுகின்றது. செறிந்த உப்பு நீரை நுண்துளிகளாகச் சுவாசிக்கச் செய்தால், அது நீரை ஈர்த்துக் கோழையை இளக்குகின்றது. பழுதுற்ற புரதத்தையே சீர்ப்படுத்தும் மருந்துகள் 2012 முதல் வழக்கிற்கு வந்துள்ளன. 2019-இல் மூன்று மருந்துகளின் கூட்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, பலருடைய வாழ்க்கையை மாற்றியுள்ளது. ஆனால் இவை எல்லா ஜீன் மாறுதல்களுக்கும் பயன்படுவதில்லை. மிகக் குறைந்த வயதினருக்கு யாவும் உரியனவுமல்ல. விலையோ மிக உயர்ந்தது. எனவே கைகளால் செய்யும் சிகிச்சை தன் இடத்தை இழந்துவிடவில்லை.

நம் நாட்டில்

இந்நோய் ஐரோப்பிய இனத்தாருக்கே உரியது, இந்தியாவில் இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1968-இல் இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்ட செய்தி மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. பின்னர் நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டுள்ளனர். புதுதில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர், வியர்வையைச் சேகரித்து ஆராய்வதற்கு உள்நாட்டிலேயே குறைந்த செலவில் முறையொன்றை உருவாக்கி 2002-இல் வெளியிட்டனர். அங்கும், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இக்குழந்தைகளுக்கு மருத்துவம் அளிக்கப்படுகின்றது.

ஆயினும் பிறந்த குழந்தைகள் அனைவரையும் இந்நோய்க்காகப் பரிசோதிக்கும் திட்டம் நாடு முழுமைக்கும் இல்லை. மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா, எண்ணெய்ப் பசையுடன் கூடிய மலம், நன்கு பாலருந்தியும் எடை ஏறாமை ஆகியவை இதன் அறிகுறிகள். அவை காசநோய் என்றோ, ஊட்டக் குறைவு என்றோ எண்ணப்பட்டு மாதங்கள் கழிகின்றன. முத்தமிடும்போது குழந்தையின் தோல் உப்புக் கரிப்பதைத் தாயே முதலில் உணர்வதுண்டு. நம் நாட்டுக் கோடையில் இக்குழந்தைகள் வியர்வையின் வழியே உப்பை மிகுதியாக இழந்து திடீரெனத் துவண்டுபோகக்கூடும் என்பதையும் மருத்துவர்கள் நினைவில் கொள்ளுதல் நலம். நெருங்கிய உறவினருள் மணஞ்செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில், முன்பிறந்த குழந்தை காரணம் விளங்காது இறந்திருப்பின், வியர்வைப் பரிசோதனையைத் தாமதிக்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இருமுகின்ற குழந்தை யாவர்க்கும் மார்பில் தட்டும் சிகிச்சை உரியதன்று. கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வரும் நுண்குழல் அழற்சியில் இதனால் பயனில்லை என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வலிந்து அழுத்தியதால் விலா எலும்பு முறிந்த நிகழ்ச்சிகளும் பதிவாகியுள்ளன. நோயை உறுதிசெய்த பின்னர், பயிற்சி பெற்ற நிபுணரிடம் பெற்றோர் நேரில் கற்றுக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும்.

விலையுயர்ந்த இயந்திரமோ, பெரிய மருத்துவமனையோ இச்சிகிச்சைக்கு அன்றாடம் தேவையில்லை. காலையிலும் மாலையிலும் பெற்றோர் ஒதுக்கும் அரைமணி நேரமும், முறையாகக் கற்ற கைகளுமே போதுமானவை. நோயை உரிய காலத்தில் கண்டறிவதற்கான வசதி மாவட்ட மருத்துவமனைகளையும் எட்டுமாயின், இக்கல்வியைப் பெறும் தாய்மாரின் எண்ணிக்கை பெருகும். சிதைவதற்கு முன்னரே காக்கப்படும் நுரையீரல்களும் பெருகும்.