பம்புசெட்டு மின்கம்பியில் ஒளிந்திருக்கும் மின்தடை

காவிரியின் கடைமடைப் பகுதியான காரைக்காலில், கோட்டுச்சேரி வட்டாரத்து உழவர்களுக்கு ஆற்றுநீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரத் தாமதமானால், சம்பா நாற்றங்காலைக் காப்பது பம்புசெட்டுதான். அந்த நேரம் பார்த்து மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிட்டால் நாற்றும் வாடும். சுருள் கருகினால் கைப்பணமும் போகும். “கரண்டு இருக்கிறது, மோட்டார் இழுக்கவில்லை” என்பார்கள். பழுது எப்போதும் மோட்டாரில் இருப்பதில்லை. அதற்கு வரும் கம்பியிலும் இருக்கலாம். அதைச் சிறு கணக்கொன்றால் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று அளவுகள்

வாய்க்காலில் நீரைத் தள்ளுவது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம். மின்சாரத்தில் அந்த வேலையைச் செய்வது மின்னழுத்தம். இதன் அளவு வோல்ட். ஓடும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம்; இதன் அளவு ஆம்பியர். வாய்க்காலில் மண்டிய கோரையும் சேறும் நீரைத் தடுப்பது போல மின்னோட்டத்தைத் தடுப்பது மின்தடை; இதன் அளவு ஓம். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்டார்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுத்தால், அதன் திறன் 230 × 4.35 = 1000 வாட். அதன் மின்தடை 230 ÷ 4.35 = 53 ஓம்.

மோட்டாருக்கு இக்கணக்கை அப்படியே போடக்கூடாது. அதில் ‘திறன் காரணி’ என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். ஒரு முனை மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கிறது, திறன் காரணி 0.8 என்று கொண்டால், அது வாங்கும் திறன் 230 × 7 × 0.8 = 1288 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அது மோட்டார் கொடுக்கும் வேலை. மீதி வெப்பமாகவும் உராய்விலும் கழிகிறது. மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது சுருளின் மின்தடை ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

கம்பியைச் சோதிக்கும் முறை

மோட்டார் ஓடும்போது வயர்மேனைக் கொண்டு மூன்று அளவுகளை எடுக்கவும். மீட்டர் பலகையில் 230 வோல்ட், மோட்டார் முனையில் 214 வோல்ட், மின்னோட்டம் 7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் தொலைந்தது 16 வோல்ட்.

வழியிலுள்ள மின்தடை: 16 ÷ 7 = 2.3 ஓம்
வீணாகும் திறன்: 16 × 7 = 112 வாட்

மோட்டார் ஓடும்போது இக்கணக்கு சற்றுக் குறைத்தே காட்டும். உண்மைத் தடை இன்னும் கூடுதலாக இருக்கும்.

இனி, இருக்க வேண்டிய தடை எவ்வளவு? பலகைக்கும் மோட்டாருக்கும் 100 மீட்டர் என்றால், போக வர 200 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இதன் தடை சுமார் 1.4 ஓம்தான். ஆகவே 0.9 ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் கம்பியின் தடையே 2.3 ஓம் ஆகிவிடும். அப்போது பருமனான கம்பிக்கு மாற்றுவதே வழி.

ஒளிந்திருக்கும் தடை பெரும்பாலும் இணைப்புகளில் அகப்படும். வோல்ட்மீட்டரின் இரு முனைகளையும் ஒரே கம்பியில், இணைப்புக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கவும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. 6 வோல்ட் காட்டினால் அங்கே 6 × 7 = 42 வாட் வெப்பம் பிறக்கிறது. அந்த இடம் கருகுவதில் வியப்பில்லை. மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் பல மடங்கு உயரும். 30 ஆம்பியர் எடுத்தால் 2.3 ஓம் தடையில் 69 வோல்ட் போய்விடும். மோட்டார் உறுமி நிற்பது இதனால்தான்.

கடலோரத்தில் கவனம்

கோட்டுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை விரைவில் அரிக்கும். செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்தால் அரிப்பு மேலும் கூடும். இரண்டுக்கும் பொருந்தும் இரட்டை உலோக லக்கைப் பயன்படுத்தவும். ஆண்டுக்கு ஒருமுறை, நாற்றுவிடும் பருவத்துக்கு முன்பே, இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

மும்முனை மோட்டார் வைத்திருப்போர், 1.732 × வோல்ட் × ஆம்பியர் × திறன் காரணி என்று திறனைக் கணக்கிடலாம். 415 வோல்ட்டில் 8.1 ஆம்பியர் எடுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார், அதே சுமையை 350 வோல்ட்டில் இழுக்க 9.6 ஆம்பியர் எடுக்கும். சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயர்வதால், அது சுமார் 40 விழுக்காடு கூடிவிடும். குறைந்த அழுத்தத்தில் மோட்டார் கருகுவதன் காரணம் இதுவே.

ஈரக்கையோடும் வெறுங்காலோடும் அளவு எடுக்க வேண்டாம். இணைப்பைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து பியூஸைக் கழற்றி வைக்கவும். எடுத்த மூன்று அளவுகளையும் தேதியிட்டு மோட்டார்க் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் வோல்ட் இழப்பு கூடியிருந்தால், சுருள் கருகும் முன்பே அந்தச் சுவர் உங்களுக்குச் சொல்லிவிடும்.