மலைச்சாலையில் கொதித்த யந்திரம்

வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்பொழுது, சித்திரை வைகாசி மாதங்களில், மோட்டார் வண்டிகள் ஆங்காங்கே ஓரம் கட்டி நிற்பதைக் காணலாம். முன்மூடி திறந்திருக்கும், உள்ளிருந்து வண்ணான் வெள்ளாவி போல் நீராவி எழும்பும். "மலை ஏற்றம் அல்லவா, வண்டி கொதித்துவிட்டது" என்று சொல்லி வண்டிக்காரர் மனத்தைத் தேற்றிக்கொள்வார். மலையின்மேல் சுமத்தப்படும் இந்தப் பழி எவ்வளவு தூரம் நியாயமானது? கொதித்து ஆறிய யந்திரத்தில் கெட்டது எது, கெடாதது எது என்று எவ்வாறு கண்டறிவது? இவ்விரண்டையும் மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. மலையடிவாரத்திலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,500 கிலோகிராம் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 2 கோடியே 64 லட்சம் ஜூல் வேலை தேவை. பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடும்; எஞ்சிய பங்கில் பெரும்பகுதி சிலிண்டர்ச் சுவரைச் சூழ்ந்து ஓடும் நீரில் இறங்கும். அதாவது, வண்டி மேலே ஏறச் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஈடான வெப்பம் தண்ணீருக்குப் போகிறது. கொதிக்கும் நீரில் 11 லிட்டரை முழுவதும் ஆவியாக்க அது போதும். சிறு கார் ஒன்று கொள்ளும் நீரோ ஐந்தாறு லிட்டர்தான். அந்த வெப்பத்தை ரேடியேட்டர் கணந்தோறும் காற்றில் வீசி எறிந்துகொண்டிருப்பதால்தான் வண்டி மலை ஏறுகிறது.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இந்த வசதி இல்லை. 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் செய்த வண்டியை ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றபோது, நீர் கொதித்து ஆவியாவதே யந்திரத்தைக் குளிர்விக்கும் முறையாக இருந்தது. வழியெங்கும் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக நேர்ந்தது. தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மேபாக் என்னும் பொறியாளர் 1901-ஆம் ஆண்டின் மெர்ஸிடிஸ் வண்டியில் அமைத்த பிறகே நிலைமை மாறிற்று.

இனி, நம் மலையின் தனிக்குணத்துக்கு வருவோம். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது; அதனுடன் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், கொடைக்கானல் ஏரிக்கரையில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். யந்திரம் நலமாக ஓடும்போதே அதன் நீர் 85 முதல் 95 டிகிரி வரை சூடாக இருக்குமே, அப்படியானால் எல்லா வண்டிகளும் அங்கே கொதிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டரின் மூடி. அதிலுள்ள சுருள்வில், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் ஏறத்தாழ ஒரு மடங்கு அழுத்தத்தை உள்ளே தேக்கி வைக்கிறது. மூடி நன்றாக இருந்தால், கொடைக்கானலிலும் உள்ளிருக்கும் நீர் 115 டிகிரியைத் தாண்டினாலொழியக் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் நைந்து போயிருந்தால், மதுரையிலும் திண்டுக்கல்லிலும் குறை சொல்ல முடியாதபடி ஓடிய வண்டி பெருமாள்மலையை நெருங்குவதற்குள் பொங்கிவிடும். ஆகவே மலை குற்றத்தை உண்டாக்குவதில்லை. சமவெளியில் ஒளிந்திருந்த குற்றத்தை வெளியே கொண்டுவருகிறது.

கொதித்த வண்டியை நிறுத்தியவுடன் மூடியைத் திறப்பது பேராபத்து. அழுத்தம் விடுபட்ட அக்கணமே உள்ளே இருக்கும் நீர் ஆவியாகச் சீறிப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமாவது காத்திருந்து, மேல் குழாயை அழுத்திப் பார்த்து, அது தளர்ந்த பின்னரே துணி போர்த்தித் திறக்க வேண்டும். கொதிக்கும் யந்திரத்தில் அருவித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதும் கூடாது. சூடேறிய உலோகம் வெடிப்பு விட்டுவிடும்.

மலைக்குச் சிமெண்டு ஏற்றிச் சென்ற வேன் ஒன்று ஊத்துக்கு அருகில் நின்றுவிட, அதன் ஓட்டுநரிடம் பேச நேர்ந்தது. "முதலில் முள் சிவப்புக்குப் போயிற்று சார். பிறகு தானாகவே கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்தது என்று நினைத்து ஓட்டினேன்" என்றார். சூடு தணியவில்லை. குழாய் பிளந்து நீர் முழுவதும் போய்விட்டது. வெப்பத்தை அளக்கும் கருவி நீரில் முழுகியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். நீர் வற்றி வெறும் ஆவி சூழ்ந்தால் அது பொய் சொல்லும். முள் திடீரென்று விழுவது சிவப்பைத் தொடுவதைவிடக் கொடிய அறிகுறி. கடன் வாங்கி வாங்கிய அந்த வேனை அதற்கு முன்பே ஒரு பட்டறையில் இரு முறை பிரித்து, ஒவ்வொரு முறையும் புதிய கேஸ்கட் வைத்து மூடியிருக்கிறார்கள். ஏன் கொதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கேதான் நோயறியும் கலை தொடங்குகிறது. கேள்விகள் இரண்டு: எதனால் கொதித்தது? கொதித்ததால் எது கெட்டது? முதற் கேள்விக்கு விடை பெரும்பாலும் வெளியிலேயே கிடைக்கும். மூடி, ரப்பர்க் குழாய்கள், விசிறிப் பட்டை, மின்விசிறி சுழல்கிறதா என்பது, நீர்ப் பம்பின் அடியில் ஒழுகிய தடம், ரேடியேட்டரின் முகத்தில் அடைத்த தூசியும் பூச்சியும் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் உப்புக் கிணற்று நீரை ஊற்றிய வண்டிகளில், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போன்ற சுண்ணப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களை உள்ளிருந்தே அடைத்திருக்கும். அந்த வேனிலும் அதுவே மூலகாரணம். ஓடாத நீர் சூடேறி, நைந்த குழாயைப் பிளந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி கடினமானது. பல யந்திரங்களில் அடிக்கட்டு வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல் இருமடங்கு விரிகிறது. அளவு மீறிச் சூடேறினால் தலை வளைகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள கேஸ்கட் நசுங்கி வழிவிடுகிறது. அவ்வழியே எரிவாயு நீருக்குள்ளும், நீர் எண்ணெய்க்குள்ளும் புகும். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, பால் கலந்த தேநீர் போன்ற எண்ணெய், ரேடியேட்டரில் விடாமல் எழும் குமிழிகள் ஆகியவை அதற்குச் சான்றுகள்.

ஆனால் கொடைக்கானலில் இச்சான்றுகளே நம்மை ஏமாற்றக்கூடும். மார்கழிக் காலையில் நலமான யந்திரமும் வெண்புகை விடும். அது குளிரில் உறையும் நீராவிதான். ஐந்து நிமிஷம் ஓடிச் சூடேறிய பின்னும் அது நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால்தான் ஐயப்பட வேண்டும். கடைவீதிக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணுரை படியும். அதுவும் ஈரத்தின் வேலை. அளவுக் கோலை உருவி, எண்ணெயே வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றின் நடுவே கேஸ்கட் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். புகைவாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவம் ஒன்றும் உண்டு. அதை ரேடியேட்டரின் வாயில் வைத்துச் சோதிப்பர்.

தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவைச் சோதிப்பதிலும் மலைக்கென்று ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பாத்திரத்து நீரில் இட்டுக் காய்ச்சி, திறக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். 88 டிகிரி என்று பொறித்த கதவு அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கும். முழுவதும் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆதலால் அங்கே பாதி திறந்து நிற்கும் கதவைக் கெட்டதென்று எறிந்துவிடக் கூடாது. "இது இல்லாமலே ஓடும்" என்று கதவையே கழற்றிவிடும் பட்டறைகளும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. சில யந்திரங்களில் கதவு இல்லையென்றால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும்.

கேஸ்கட் போனது உறுதியானால் தலையைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை அதன் முகத்தில் நீளமாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்ப்பர். பல யந்திரங்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தாலே முகத்தைச் சீவியாக வேண்டும். அந்த வேனின் தலை வளைந்திருந்தது. அதன்மேல் வைத்த புதிய கேஸ்கட்டுகள் எவ்வாறு நிலைக்கும்? திண்டுக்கல்லில் ஒரு கடைசல் பட்டறையில் அதைச் சீவினார்கள். ரேடியேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். மூடியையும் குழாய்களையும் மாற்றினார்கள். தலையை மீண்டும் பூட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறித்த முறுக்கு அளவில், இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்கினார்கள். காய்ச்சி வடித்த நீருடன் குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து நிரப்பி, யந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும் வரை காத்திருந்தார்கள். மறுநாள் காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போது, நீர்மட்டத்தைப் பார்த்து, குறைந்த அளவை நிரப்பிய பிறகே வேன் மறுபடி மலை ஏறியது.