ஓங்கி ஆற்றினால் நுரை வருமா?

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை, கும்பகோணம் என்று போய்வருகிறவர்களில் சிலர் ஊருக்கு ஒரு டபரா செற்றும் கொண்டு வருகிறார்கள். வந்த மறுநாள் காலையே வீட்டில் கோப்பி ஆற்றிப் பார்க்கிறார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கி, நிலமெல்லாம் சிந்த ஆற்றினாலும் அங்கே கண்ட நுரை வருவதில்லை. வந்தாலும் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அடங்கிவிடுகிறது. டபராவைக் குறை சொல்வதில் பயனில்லை. தூளையும் பாலையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வீட்டுக் கோப்பி நுரைக்காகப் பிறந்தது அல்ல. கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து, சில வீடுகளில் மிளகும் சீரகமும் சேர்த்து, உரலில் இடித்து அரித்தெடுத்த தூள் அது. கொதிநீரில் போட்டு, மண்டி அடியில் படிந்ததும் மேலால் தெளித்து ஊற்றி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பியாகக் குடிப்பார்கள். மார்கழிச் சளிக்கும் செத்தவீட்டு இரவுக்கும் அதுபோல வேறொன்று இல்லை. ஆனால் வறுத்த கோப்பிக்கொட்டையில் 10 முதல் 15 வீதம் வரை கொழுப்பு இருக்கிறது. மல்லி விதையிலும் எண்ணெய் அதற்குக் குறைவில்லை. வடிகட்டாமல் ஊற்றும்போது நுண்ணிய தூளோடு இந்த எண்ணெயும் பேணிக்குள் வந்துவிடுகிறது. எண்ணெய் நுரைக்கு ஏன் பகை என்பதற்கு, நுரை எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெறும் தண்ணீரை எவ்வளவு ஆற்றினாலும் குமிழி தோன்றிய உடனேயே உடைந்துவிடும். நீரின் மேற்பரப்பிழுவிசை குமிழியைச் சூழ்ந்த மெல்லிய படலத்தைச் சுருக்கி இழுப்பதே காரணம். பாலில் புரதம் இருக்கிறது. 100 கிராம் பசுப்பாலில் ஏறத்தாழ 3.3 கிராம்; அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். புரத மூலக்கூறின் சில பகுதிகள் நீரை விரும்பும், சில பகுதிகள் நீரை விட்டு விலகப் பார்க்கும். இரண்டுக்கும் ஏற்ற இடம் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லை. அங்கே போய்ச் சேர்ந்த மூலக்கூறுகள் மடிப்பு விரிந்து, ஒன்றோடொன்று கைகோத்து, படலத்துக்கு வலுக் கொடுக்கின்றன. எண்ணெய்த் துளி ஒன்று அந்தப் படலத்தில் பட்டால் புரதத்தைத் தள்ளிவிட்டுத் தான் பரவும். அந்த இடத்தில் குமிழி பொத்துக்கொள்ளும்.

பாலில் உள்ள கொழுப்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் எல்லா வெப்பநிலையிலும் அல்ல. ஏறத்தாழ 20 முதல் 40 பாகை செல்சியஸ் வரை பாற்கொழுப்பு பாதி உருகியும் பாதி உறைந்தும் கிடக்கும். நுரைக்கு மிகக் கெட்ட நிலை அதுதான். 40 பாகையைத் தாண்டினால் முழுக்க உருகிவிடும், தொல்லை குறையும். இளஞ்சூட்டுப் பாலை ஆற்றிவிட்டு நுரை வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி உயரம். இரண்டடி உயரத்திலிருந்து விழும் கோப்பி, கீழே சேரும்போது செக்கனுக்கு ஏறத்தாழ மூன்றரை மீற்றர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் திரவத்துக்குள் பாய்கிற தாரை, சுற்றியிருக்கும் காற்றையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. உயரத்தை இரட்டித்து நாலடி ஆக்கினால் வேகம் இரட்டிக்காது, 1.4 மடங்குதான் ஆகும். தாரை நடுவழியில் அலைந்து சிந்தும், சூடும் வீணாகப் போகும். கடைக்காரர் தலைக்கு மேல் தூக்கி ஆற்றுவதில் பாதி, பார்க்கிறவர்களுக்காக. வீட்டில் ஒரு முழத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால் கீழே இருக்கும் பேணியில் கொஞ்சமாவது திரவம் கிடக்க வேண்டும். வெறும் அடியில் விழும் தாரை தெறிக்குமே தவிரக் காற்றை உள்ளே கொண்டுபோகாது.

ஆற்றுவது என்ற சொல்லுக்கு ஏற்றபடி சூடும் தணிகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 யூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை இழக்கும் 150 கிராம் கோப்பி மூன்றரைப் பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். ஆவியாதல் ஒன்றாலேயே 90 பாகையிலிருந்து 62 பாகைக்கு இறக்குவதானால்கூட எட்டுக் கிராம் நீர் போனால் போதும். பேணியின் உலோகமும் காற்றும் பங்கெடுப்பதால் உண்மையில் இன்னும் குறைவாகவே போகும். இதில் சுகாதாரமும் உண்டு. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது தொண்டைக்குக் கீழுள்ள உணவுக் குழாயில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதே கெட்டித்தனம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

ஆற்றும் கலை நம் ஊரில் வளர்ந்தது தேநீர்க்கடைகளில். அந்தக் கடைகளுக்குள் எல்லோரும் நுழைய முடிந்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த காலம் வெகு பழையதல்ல. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அறுபதுகளின் பிற்பகுதியில் சங்கானையிலும் நெல்லியடியிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற மூக்குப்பேணியை இன்று பழம்பெருமையாக அலுமாரியில் வைக்கிறோம். எச்சில் தீட்டு என்ற எண்ணத்தோடு ஒட்டிய பாத்திரம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைப்பதே நேர்மை.

பாலுக்கு வருவோம். இலங்கை பால்மாவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. 2021, 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற பலர், பக்கத்து வீட்டு மாட்டை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். நுரைக்குப் பசுப்பால் நல்லது. அன்றன்று கறந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வைத்திருக்க வைத்திருக்கப் பாலின் கொழுப்பு பிரிந்து கொழுப்பமிலங்கள் வெளிப்படும், அவை நுரையை உடைக்கும். தீவகத்திலும் வடமராட்சியிலும் ஆட்டுப்பால் ஊற்றும் வீடுகள் உண்டு. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை, எளிதில் மேலே திரண்டு வருவதில்லை. பிரிந்த கொழுப்பமிலங்களே அதன் தனி மணத்துக்குக் காரணம். முழுக்கொழுப்புப் பால்மாவில் கால்வாசிக்கு மேல் கொழுப்பு இருந்தாலும், தடிப்பாகக் கரைத்தால் புரதமும் கூடிவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அல்ல, நல்ல சூட்டு நீரில் கரைக்க வேண்டும்.

செய்முறை சிக்கலானது அல்ல. நுரைக் கோப்பிக்கு மல்லி கலக்காத தூளை வேறாக எடுத்து வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டித் தூளுக்கு 100 மில்லிலீற்றர் நீர். கொதித்ததை இறக்கி அரை நிமிடம் பொறுத்து ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, நெருக்கமான பருத்தித் துணியில் வடியுங்கள். துணி மண்டியையும் எண்ணெயில் ஒரு பங்கையும் பிடித்துவிடும். தமிழ்நாட்டில் சேர்க்கிற சிக்கரி நீரில் நிறையக் கரைந்து திரவத்தைத் தடிப்பாக்கும். குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர் மெதுவாக வடிவதால் நுரை கூடுதல் நேரம் நிற்கும். சிக்கரி கிடைக்காவிட்டால் சீனியை ஆற்றுவதற்கு முன்பே போடுங்கள், சிறிதளவு அதே பயன் தரும். பாலைப் பொங்கவிட்டு, ஆடையை எடுத்துவிட்டு, 150 மில்லிலீற்றர் சேருங்கள். பச்சை இஞ்சி விரும்புகிறவர்கள் அதை முதலில் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். அதன் சாற்றில் புரதத்தை வெட்டும் நொதியம் ஒன்று உண்டு. கொதிக்காத சாறு சூடான பாலைத் திரைய வைத்துவிடும்.

முதல் இரண்டு தரம் தாழ்வாக ஆற்றிச் சீனியைக் கரையுங்கள். அடுத்த நாலு தரம் உயர்த்தி, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். குமிழிகள் சிறியதாகவும் ஒரே அளவாகவும் இருப்பது முக்கியம். சிறு குமிழிக்குள் அமுக்கம் கூட. பக்கத்தில் பெரிய குமிழி இருந்தால் காற்று அதற்குள் கசிந்து, சிறியது மறைந்துவிடும். இத்தனையும் செய்தும் நுரை நிற்காவிட்டால் பேணியை விரலால் தடவிப் பாருங்கள். நேற்றுக் குழம்பு ஊற்றிய பாத்திரமென்றால் எண்ணெய் இன்னும் ஒட்டியிருக்கும்.