இசை பயிலும் இளைஞர்க்கு வாழ்க்கை வழிகள்

இசையை விரும்பாத இல்லம் நமது திருகோணமலையில் இல்லை. இசையைத் தம் பிள்ளையின் தொழிலாக விரும்பும் இல்லமோ மிகச் சிலவே. நவராத்திரி மேடையிலே பாடும் மகனைக் கண்டு மகிழ்கின்ற தந்தையே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும், "பாட்டுப் பாடிச் சோறு உண்ணலாமோ?" என்று கேட்கின்றார். அக்கேள்வியை நாம் இகழ்வதற்கில்லை. அது பிள்ளையின்மேல் உள்ள அன்பினாற் பிறந்த கேள்வி. அதற்குரிய விடையை எவரும் அவருக்குத் தெளிவாக எடுத்துக் கூறாமையே குறை. அக்குறையை நீக்கும் பொருட்டு, பழைய மாணவராகிய நாம் அறிந்தவற்றை யூபிலி மலரின் வாயிலாக இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

இசை நம் ஊருக்குப் புதிதன்று. கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரின் பதிகம் மூன்றாம் திருமுறையிலே புறநீர்மைப் பண்ணில் அமைந்துள்ளது. கடலும் மலையும் கூடும் இத்தலத்துக்குப் பண்ணோடு கூடிய புகழ் அன்றே வாய்த்தது. அண்மைக் காலத்தை நோக்கின், காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் நினைவுக்கு வருகின்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய அப்பெரியார், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழரின் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எவ்வாறு இசை கூட்டப்பெற்றன என்பவற்றைக் கணித அறிவின் துணைகொண்டு பல்லாண்டு ஆராய்ந்து, 'யாழ் நூல்' என்னும் பெருநூலை ஆக்கினார். அந்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறு மாதமே சுவாமிகள் மறைந்தார். விஞ்ஞானம் பயின்றவர்க்கு இசை பகையன்று. இசை பயில்வோர்க்கு ஏனைய கல்வியும் பகையன்று. இதனை அவர் வாழ்வே காட்டிற்று. எனவே, இசை மாணவன் மற்றைப் பாடங்களைக் கைவிடவேண்டுமென்று எவரும் கருதற்க. மொழியறிவும், கணக்கறிவும், கணினிப் பயிற்சியும் அவனுக்குப் பிற்காலத்திற் சோறிடும் துணைகளாம்.

இனிக் கற்கும் வழிகளை நோக்குவோம். பாடசாலையிலே கர்நாடக சங்கீதத்தை அழகியற் பாடமாகக் கற்கும் மாணவன், அதனையே சாதாரண தரத்திலும் உயர்தரக் கலைப்பிரிவிலும் தோற்றுதற்குரிய பாடமாகக் கொள்ளலாம். இதற்குப் புறம்பாக, 1931ஆம் ஆண்டு தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடத்தி, இறுதித் தரத்திலே சித்தியெய்தினோர்க்குக் 'கலாவித்தகர்' என்னும் பட்டத்தை வழங்கிவருகின்றது. சிறு வயதிலே ஆரம்பிப்பவன் பாடசாலைக் கல்வியோடு இப்படிகளையும் ஏறிவரலாம். ஆயினும், சான்றிதழைப் பெறுதல் வேறு, கச்சேரி செய்யும் ஆற்றலைப் பெறுதல் வேறு. தாளில் எழுதிய சுரம் குரலிலே வரவேண்டுமாயின், குருவின் முன்னிருந்து நாடோறும் சாதகம் செய்தல் வேண்டும்.

உயர்தரத்தின்பின் பல்கலைக்கழக வாயில்கள் இரண்டு நமக்கு அண்மையில் உள்ளன. ஒன்று, மட்டக்களப்புக் கல்லடியில் இயங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982ஆம் ஆண்டு இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்ற அது, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நிறுவகமாக வளர்ந்தது. மற்றொன்று, யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலே 1960ஆம் ஆண்டு சு. நடேசபிள்ளை அவர்களின் முயற்சியாலே தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரியின் வழிவந்தது. புகழ்பெற்ற பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அக்கல்லூரியின் அதிபராய் இருந்து நம் நாட்டு மாணவர்க்குப் பயிற்றினார். இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகின்றது.

இவ்விரண்டிலும் இசை பயில விரும்புவோர், உயர்தரப் பெறுபேற்றோடு செய்முறைப் பரீட்சையிலும் தேறவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை உரிய காலத்திலே வாசியாமையால் இவ்வாய்ப்பை இழக்கும் மாணவர் உளர். விண்ணப்பப் படிவத்திலே இக்கற்கைநெறியைக் குறிப்பிட்டிருத்தலும், செய்முறைப் பரீட்சைக்கான அறிவித்தலைக் கவனித்திருத்தலும் இன்றியமையாதன. திறமை இருந்தும் தேதி தவறியதால் ஓராண்டை இழத்தல் பெருந்துயரன்றோ?

பிரயாணத்தின் இடரும் முன்போல் இல்லை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோர வழியாகச் செல்வோர் துறைகளிலே பாதைக்குக் காத்திருந்த காலம் ஒன்றிருந்தது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பெற்றதும், அவ்வழியின் ஏனைய துறைகளிலும் பின்னர்ப் பாலங்கள் அமைந்தன. மூதூர்ப் பிள்ளைக்கும் கிண்ணியாப் பிள்ளைக்கும் கல்லடி இன்று எட்டாத தூரமன்று.

ஆசிரியத் தொழிலை விரும்புவோர்க்குத் தேசியக் கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. அங்கே ஈராண்டு தங்கிப் பயின்று, ஓராண்டு பாடசாலையிலே கட்டுறு பயிற்சி பெற்றோர் ஆசிரிய சேவையிற் சேர்க்கப்படுவர். பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் நிலையோ வேறு. பட்டம் பெற்ற மறுநாளே நியமனம் கிட்டுமென்று அவர்கள் எண்ணுதல் கூடாது. அது வெற்றிடங்களையும் அரசு நடத்தும் போட்டிப் பரீட்சையையும் பொறுத்தது. காத்திருக்கும் காலத்தை வீணே கழியாமல், வேறு வழிகளிலும் கால் ஊன்றுதலே விவேகம்.

கடல் கடந்து கற்க விழைவோர்க்கு, 1950ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் உதவுகின்றன. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் இவற்றைக் காலந்தோறும் அறிவிக்கும். 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே இசை பயின்று மீண்ட ஈழத்தவர் பலர் நம் நாட்டு இசையாசிரியர் பரம்பரைக்கு அடிகோலினர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

கற்றபின் பிழைக்கும் வழி யாது? வானொலி ஒரு காலத்திற் பெருவழியாய் இருந்தது. தரநிர்ணயம் பெற்ற கலைஞர் என்னும் பெயர் ஒருவர்க்கு மதிப்பையும் ஊதியத்தையும் ஒருங்கே அளித்தது. ஆயினும் அவ்வழியின் வரலாறு நமக்கு ஒரு படிப்பினையையும் தருகின்றது. 1952ஆம் ஆண்டு இலங்கை வானொலிக் கலைஞரைத் தேர்ந்து தரம் பிரிப்பதற்கு வட இந்திய இசைப் பேராசிரியர் எஸ். என். ரத்தன்ஜன்கர் வரவழைக்கப்பெற்றார். மக்கள் மனங்கவர்ந்த சிங்களப் பாடகர் சுனில் சாந்த, பிற நாட்டு மரபின் அளவுகோலால் தம் இசையை அளக்கக்கூடாதென்று கூறி, அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். வானொலி வாயில் அவருக்கு அடைபட்டது. அவர் செய்தது சரியா, தவறா என்பதை நாம் ஈண்டு ஆராயவில்லை. ஒரே வாயிலை நம்பிய கலைஞனுக்கு அது மூடும்போது என்ன நேரும் என்பதையே சுட்டுகின்றோம். முக்காலிக்கு மூன்று கால்கள் வேண்டும். கலைஞனின் வாழ்வுக்கும் அவ்வாறே.

முதற்கால், கற்பித்தல். இரண்டாவது, மேடையும் திருக்கோயிலும். மூன்றாவது, இசையைச் சூழ்ந்த கைத்தொழில்கள்.

கற்பித்தலுக்குப் பாடசாலை ஒன்றே களமன்று. வீட்டு வகுப்பும், இணையவழி வகுப்பும் உண்டு. இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் நம்மவர் தம் குழந்தைகளுக்குத் தமிழ் வாயிலாகவே இசை பயிற்ற விரும்புகின்றனர். தொறன்ரோவிலே குளிர்காலத்துச் சனிக்கிழமை காலை ஒன்பது மணியாகும்போது நமக்கு மாலை ஏழரை மணி. கோடையில் ஆறரை மணி. ஆகவே, பகலிலே பாடசாலையிற் படிப்பிப்பவரும் மாலையில் இவ்வகுப்பை நடத்தலாம். இதற்குத் தெளிவாகப் பேசும் ஆற்றலும், ஒழுங்கான பாடத்திட்டமும், நேரந்தவறாமையும் மூலதனங்கள்.

மேடையைப் பொறுத்தவரை, பாடகரைக் காட்டிலும் பக்கவாத்தியக் கலைஞர்க்கே வாய்ப்பு மிகுதி. ஓர் ஊரில் அரங்கேற்றம் எத்தனை நிகழினும் ஒவ்வொன்றுக்கும் வயலினும் மிருதங்கமும் வேண்டுமன்றோ? பாட்டுக்கே எல்லாரும் முந்துகின்ற வகுப்பில், வயலினைத் தேர்ந்தெடுக்கும் மாணவன் நல்வழியைத் தேர்ந்தவனாவான். திருக்கோயில்களிலோ நாதஸ்வரமும் தவிலும் இன்றிப் பூசையும் திருவிழாவும் சிறவா. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து வித்துவான்களும் வியக்கும் வண்ணம் வாசித்துப் புகழ் எய்தினார். அக்கலையைப் பரம்பரைக் குடும்பங்களுக்கே உரியதென்று ஒதுக்கிவைத்தமையும், வாசிப்போர்க்கு உரிய மதிப்பளியாமையும் நம் சமுதாயத்தின் குறைகள். தேவாரப் பண்ணிசை பயின்ற ஓதுவாருக்கும் இதுவே நிலை. திருக்கோயில் அறங்காவலர் மாதந்தோறும் நிலையான வேதனம் அளிக்க முன்வந்தால், ஒவ்வொரு பெருங்கோயிலும் ஓர் இளைஞனுக்கேனும் வாழ்வளிக்கும்.

மூன்றாவது காலாகிய கைத்தொழில்களை நம்மவர் பெரிதும் கவனிப்பதில்லை. மிருதங்கத்துக்கு வார் பிடித்தல், வலந்தலைக்குக் கரணை இடுதல், வயலினைச் செப்பனிடுதல் ஆகியன நுட்பமான தொழில்கள். ஒலிப்பதிவும் ஒலியமைப்பும் கற்றவர்க்குத் திருமண மண்டபம் முதல் நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் வரை வேலை கிட்டும். சுருதியறிந்த செவியுடையவன் ஒலியமைப்பாளனாயின், வெறும் இயந்திரப் பயிற்சி மட்டுமே உடையவனிலும் சிறந்து விளங்குவான்.

இங்கே சட்ட அறிவு பற்றியும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் இயற்றிய பாடலின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், மறைந்தபின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படும். பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் தம் நிகழ்ச்சியைப் பதிவுசெய்தல் தொடர்பாக 50 ஆண்டுக் காலப் பாதுகாப்பு உண்டு. ஆதலின், "ஒரு கையெழுத்துத்தானே" என்று எவரும் நீட்டும் தாளிலே உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்தல் ஆகாது. நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே ஊதியம், பிரயாணச் செலவு, பதிவுசெய்யும் உரிமை ஆகிய மூன்றையும் எழுத்திற் பெறுதல் நன்று. இது பேராசையன்று, தொழிலின் ஒழுங்கு.

ஈற்றிலே நம் கடமையைக் கூறுவோம். 1928ஆம் ஆண்டு தோன்றிய சென்னை மியூசிக் அக்கடமி முதலாய சபைகளின் மார்கழி விழாவிலே, இளையோர்க்கெனப் பகற் கச்சேரிகள் ஒதுக்கப்படுகின்றன. கேட்போர் சிலரே எனினும், நாளை மாலைக் கச்சேரி செய்யவேண்டியவன் அங்கேதான் உருவாகின்றான். நம் மாணவர்க்கோ அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி உண்டு. பாடசாலையை விட்டு நீங்கியபின் அவர்கள் ஏறுதற்குரிய அடுத்த படி கண்ணுக்குப் புலனாவதில்லை. பரிசுக் கேடயம் அலமாரியில் இருக்க, பாடியவன் துறைமுக வாயிலிலே வேறு வேலை தேடி நிற்கின்றான். வேலை எதுவும் இழிவன்று. ஆனால் பத்தாண்டுப் பயிற்சி பயனின்றி ஒழிதல் ஊருக்கே இழப்பாகும்.

ஆதலால் பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு காரியங்களை வைக்கின்றோம். ஆண்டுதோறும் இளங்கலைஞர் மூவருக்கேனும் முழுநீளக் கச்சேரி மேடை அளித்து, சிறிதாயினும் ஊதியத்தைக் கையிலே கொடுத்து அனுப்புதல் ஒன்று. வீடுகளிலே வாசிப்பாரின்றிக் கிடக்கும் வயலின், வீணை, மிருதங்கங்களைத் திரட்டிச் செப்பனிட்டு, வசதியற்ற மாணவர்க்கு இரவலாக வழங்குதல் இரண்டு. உயர்தர மாணவர்க்குப் பல்கலைக்கழக விண்ணப்பம், செய்முறைப் பரீட்சை, புலமைப்பரிசில் ஆகியவற்றின் தேதிகளை உரிய காலத்தில் அறிவிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல் மூன்று. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் சங்கத்தினர், இணையவழி கற்பிக்கத் தக்க இளைஞரைத் தம் அயலவர்க்கு அறிமுகஞ் செய்தல் நான்கு. இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. மனமும் ஒழுங்குமே வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் பிள்ளை பாடினால் அவனைத் தடுக்காதீர். கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவும் வேண்டாம். வழியை அறிந்து, படிகளை எண்ணி, துணையாக உடன் செல்லுங்கள். இசை ஒருவனைச் செல்வனாக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். மூன்று கால்களில் நிற்கக் கற்ற கலைஞன் பிறரிடம் கையேந்தாது வாழ்வான் என்பதைத் துணிந்து கூறுவோம். அவ்வாறு வாழ்வோர் நம் ஊரிலே பெருகுவாராக.